வெளித் தாழ்ப்பாள்

ஹைதராபாத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்று மறுபடியும் அறிவித்தபோது, எங்கள் உப்பல் வீட்டில் மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. என் கணவர் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் ஓர் இடத்தில் ஆசிரியர். தினம் ஸ்கூட்டரில்தான் போய்வருவார், வெறும் தலையோடு.

"என்னால அடுத்தவனுக்கு ஆபத்துன்னா சட்டம் போடட்டும். எம் மண்டைக்கு எதுக்குச் சட்டம்?" என்பார். பேச்சில் அவரை மடக்க முடியாது. போலீஸ் நிறுத்தினால் அபராதத்தைக் கட்டிவிட்டு, அவர்களிடமும் தெலுங்கில் இதையே வாதாடிவிட்டு வருவார். கொஞ்ச நாள் பிடிப்பார்கள். அப்புறம் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

நானும் ரொம்ப வற்புறுத்தியதில்லை. ஈரோட்டில் என் பிறந்த வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட அப்பாவிடம் கேட்க வேண்டும். இவர் கல்யாணமான நாளிலிருந்து என்னை எங்கே போகிறாய் என்று கேட்டதே கிடையாது. ஒருநாள், "நான் எங்க போறேன்னு கேக்கவே மாட்டீங்களா?" என்றேன். "சொல்லணும்னா நீயே சொல்லுவ" என்றார். அப்படிப்பட்டவரிடம் இதைப் போடு, அதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போனார். பக்கத்துத் தெருவில் புது அடுக்குமாடிக்காகக் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கியது. வேகமாகக்கூட வரவில்லை என்றார்கள் பார்த்தவர்கள். நடைபாதையின் கல் விளிம்பில் தலை மோதிவிட்டது.

பிழைத்துக்கொண்டார். கை கால் எல்லாம் மெல்ல மெல்ல வந்துவிட்டன. பேச்சுதான் போயிற்று, யோசனையும். என்னைத் தெரியும், மகளைத் தெரியும். அடுப்பு சுடும், பஸ் மோதும் என்பது தெரியாது. கதவு திறந்திருந்தால் எழுந்து போய்விடுவார். வரங்கல் ரோட்டின் நடுவில் நின்றவரை யார் யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு நான் வாசல் கதவைப் பூட்ட ஆரம்பித்தேன்.

வீட்டிலேயே எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்ய வேண்டும். ஹெட்போனை மீறி அவர் குரல் கேட்கும்.

"தெற."

மிஞ்சியிருந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. முதலில் கேட்கிற மாதிரி சொல்வார். அப்புறம் உள்ளங்கையால் கதவைத் தட்டுவார். உள்ளங்கை சிவந்து வீங்கும்வரை தட்டுவார். நான் எண்ணெய் தடவிவிடுவேன். அதற்கு மட்டும் கையை நீட்டுவார்.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லிப் பழகியவள். ஒருநாள் அவர் தட்டத் தட்ட, காதைப் பொத்திக்கொண்டு, "வதிலெய்ம்மா" என்று கத்தினாள். விட்டுடும்மா என்று அர்த்தம்.

"ரோட்டுல அடிபட்டாருன்னா என்ன கண்ணு பண்றது?"

"நான்ன இஷ்டம் கதா!"

அப்பாவோட இஷ்டம்தானே என்றாள். அதை அவள் யாரிடமிருந்து கற்றாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு கதவைத் திறந்துவிட்டேன். கையைப் பிடிக்காமல் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே நடந்தேன். அவர் நிமிர்ந்து நடந்தார். பூக்கடையில் நின்று பார்த்தார், பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சாலையில் இறங்கிவிட்டார். நான் கத்தினேன். பஸ் கிறீச்சிட்டு அவரை ஒட்டி நின்றது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என்னை அறைந்தார்.

வாழ்க்கையில் என்னை அவர் அடித்தது அது ஒன்றுதான். டிரைவர் எட்டிப் பார்த்து, பைத்தியத்தை வீட்டில் பூட்டி வைக்கக் கூடாதா என்று என்னைத் திட்டினார். கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையாக அவரைப் பிடித்து வீடுவரை இழுத்துவந்தார்கள். நடுவழியிலேயே அவர் திமிறுவதை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூப்பிட்டு அவருடைய அறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். ஆசாரி துளை போடும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர் தட்டவே இல்லை. இன்று தட்டுவார், நாளை தட்டுவார் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வார். மகளும் அவரைப் பற்றி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அறைக்கதவு, வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்து, "வாங்க, வெளிய போலாம்" என்றேன். திறந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் போய் வாசல் கதவைச் சாத்தினேன்.