எமகண்டம் முடிந்து வந்த தேனீக்கள்

தனஞ்சயனுடைய வாயில், சரி என்று தலையாட்டும் ஒரு 'ஓம்' எப்போதும் தயாராக இருக்கும். யார் எதைக் கேட்டாலும் அது முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்பா கொமர்ஸ் படி என்றார், ஓம். அண்ணன் தன் கலியாணம் முடியும்வரை லண்டன் பயணத்தைத் தள்ளிப்போடு என்றான், அதற்கும் ஓம். தள்ளிப்போட்ட பயணம் தள்ளிப்போனதுதான்; பிறகு விசா கிடைக்கவேயில்லை. இப்போது ஐம்பத்தாறு வயதில் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புச் சாமான் கடையின் ஸ்டோர்கீப்பர். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டில் மனைவி உஷாந்தியோடு இருக்கிறார். ஒரே மகன் லவன் மெல்பேர்னில்.

அந்த வீட்டில் திரைச்சீலையின் நிறம் முதல் மத்தியானக் கறி வரை உஷாந்தி சொன்னதுதான் நடக்கும். அவள் பொல்லாதவள் அல்ல. முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும், வேறு ஆள் முன்வரவில்லை, அவ்வளவுதான். முடிவெடுப்பதற்கு அவளுக்கு ஒரு துணை இருந்தது: சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டர். ராகுகாலத்தில் காஸ் சிலிண்டர்கூட வாசற்படி தாண்டாது.

மனுசன் தன் வாயால் கேட்டு ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, தேனீ. போன வருடம் ஒரு சனிக்கிழமை எங்கேயோ நடந்த தேனீ வளர்ப்பு வகுப்புக்குப் போனார். போனவர் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பல்கனி மூலையில் வைத்து, உள்ளே மெழுகு பூசி, தேனீ தானாக வரும் என்று காத்திருந்தார். பல்லி வந்தது. கரப்பான் வந்தது. தேனீ மட்டும் வரவில்லை. கீழ்வீட்டு லுத்பியா படியில் காணும்போதெல்லாம் தேன் எப்போது என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டு ஏறிவருவார், மேலே வந்து பெட்டியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விடும்.

அப்படியிருக்கும்போதுதான் கடைக்குப் பின்னாலிருந்த பழைய மீற்றர் பெட்டிக்குள் ஒரு தேனீக் கூட்டம் வந்து குடியேறியது. கறண்ட் வெட்டிப் பல காலமான, துருப்பிடித்த பெட்டி. உள்ளே வரிசையாகத் தேன்வதை கட்டிவிட்டன. தனஞ்சயன் தேநீர் நேரம் முழுக்க அதன் முன்னால் நின்றார். அந்தச் சந்தோசத்திலும் மண் விழுந்தது. சாமான் இறக்க வந்த ஒருவருக்குக் கண் இமையில் கொட்டி, முகம் பணியாரம் போல வீங்கிவிட்டது. முதலாளி கண்ணப்பன் தனஞ்சயனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில மருந்தடிக்கிற ஆள் வர்றான். அதுக்குள்ள உங்க பூச்சியை எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

அன்று செவ்வாய்க்கிழமை. ஓட்டோக்கார றிகாஸை வெள்ளவத்தைக்கு அனுப்பி, பல்கனியில் கிடந்த மரப்பெட்டியை எடுப்பித்தார். வெயில் இறங்கியதும் தென்னந்தும்பு கொளுத்திப் புகை போட்டு, மீற்றர் பெட்டியைத் திறந்தார். வேலை பிசகவில்லை. வதைகளை ஒவ்வொன்றாக அறுத்து, மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டினார். கொட்டு வாங்கினார், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசி வதையில் ராணியைக் கண்டார். உஷாந்தி தலைமயிர் சுருட்டும், துளைபோட்ட பழைய ரோலர் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். ராணியை அதற்குள் விட்டு, இரு பக்கமும் கடதாசி அடைத்து, மரப்பெட்டிக்குள் வைத்தார். பிறகு ஒரு பெரிய காரியமும் செய்யத் தேவையிருக்கவில்லை. ராணி இருக்கும் இடத்துக்கு மற்றவை தாமாக நடந்து போயின. இருட்டும்போது மீற்றர் பெட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பெட்டி வாசலை அடைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி. றிகாஸ் ஓட்டோவைத் திருப்பி வைத்திருந்தான். போகமுன் தனஞ்சயன் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். ஏன் எடுத்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. பழக்கதோசம்.

"இண்டைக்கோ?" என்றாள் உஷாந்தி. "செவ்வாய் வெறுவாய் எண்டு தெரியாதே உங்களுக்கு? உயிருள்ள சீவன், வீட்டுக்குக் குடி வாறது. நாளைக்கு ஒம்பது மணிக்கு எமகண்டம் முடியுது. அதுக்குப் பிறகு கொண்டு வாங்கோ. ஒரு இரவுதானே."

ஒரு இரவுதான். ஆனால் விடிந்தால் அவை இரைதேடப் பறந்துவிடும், கூட்டம் முழுதாக இருப்பது இருட்டில்தான், நாளைக்கு மருந்துக்காரன் வருகிறான். இதெல்லாம் தனஞ்சயனின் தொண்டைவரை வந்தது. வாயிலிருந்து வந்தது என்னவோ "ஓம்" என்ற ஒரு சொல். வாசலை அடைத்தால் இரவெல்லாம் புழுங்கிச் செத்துப்போகும் என்று பயந்து, பெட்டியைத் திறந்தபடியே மீற்றர் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

காலையில் வெள்ளெனவே போய் அடைத்துவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம். கேற் பூட்டின் திறப்பு வோச்சரிடம் இருந்தது. வோச்சர் எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தான், அதுவும் கையில் பாண் பார்சலோடு ஆடி அசைந்து. உள்ளே ஓடிப் பார்த்தால் வெயில் ஏறிவிட்டது, பெட்டியில் பாதிக் கூட்டம் இல்லை. பறந்து போனவை துறைமுகப் பக்கம் போயினவோ, கோயில் பக்கம் போயினவோ, யாரிடம் கேட்பது? காத்திருக்கலாம் என்று நின்றார். மருந்துக்காரன் முதுகில் மருந்துக் கானை மாட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றான். இந்த நாட்டில் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே மனிதன் அவனாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, தெரிந்த சிங்களத்தில் மன்றாடினார். அவனுக்கு அடுத்த இடத்துக்குப் போகவேண்டுமாம். முதலாளியோ ஃபோனில் கதைத்தபடி, அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வேறு வழியில்லை, தனஞ்சயன் பெட்டி வாசலைத் துணியால் அடைத்து ஓட்டோவில் ஏற்றினார். இரை தேடிப் போனவை அதற்குள் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைச் சின்னப்பிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறார், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். ஓட்டோ கேற்றைத் தாண்டும்போது மருந்து மணத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் உஷாந்தி வாசலில் மஞ்சள்தண்ணியோடு நின்றாள். நல்ல நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றாள். தனஞ்சயனுக்கு வந்த கோபத்தில் மாடிப்படி மங்கலாகத் தெரிந்தது.

"நேற்றுப் பின்னேரம் எல்லாம் இதுக்கை இருந்தது, உஷா. எல்லாம். உன்ரை எமகண்டத்துக்காக அரைவாசியைச் சாகக் குடுத்திட்டு வாறன்."

அவள் மஞ்சள்தண்ணிச் சட்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"நேற்று ஃபோனிலை நான் கேட்டதுக்கு என்ன சொன்னனீங்கள்? ஓம் எண்டுதானே? ஏலாது, இண்டைக்கே கொண்டு வாறன் எண்டு சொல்லியிருந்தால் நான் என்ன கதவைப் பூட்டியே வைச்சிருப்பன்? கட்டின நாளிலையிருந்து ஒருக்காலாவது எனக்கு ஏலாதெண்டு சொல்லியிருக்கிறீங்களோ? எல்லாத்துக்கும் ஓம் சொல்லிப்போட்டுப் பிறகு மூஞ்சையை நீட்டுறது. உங்கடை மனதுக்கை கிடக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

  அவள் சொன்னது அநியாயம் என்றாவது சொல்லலாம் என்று பார்த்தார், அதற்கு வழியில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல்.

பெட்டியைப் பல்கனியில் வைத்து, ராணியை ரோலரிலிருந்து விடுவித்தார். உள்ளே இருந்தவை பெரும்பாலும் இளசுகள், இரை தேடிப் பழகாதவை. சீனிப்பாணி வைத்தார். அதைத் தேடி எறும்பு வந்தது. எறும்புக்கு மஞ்சள் தூவினார். உஷாந்தியும் கேட்காமலே உடுப்புக் காயப்போடும் கொடியைக் கழற்றி, பல்கனியில் தேனீக்கு இடைஞ்சல் இல்லாமல் வழிவிட்டாள். இரைச்சல் நாளுக்கு நாள் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார், சத்தமில்லை. மூடியைத் திறந்தால் காய்ந்த வதையும் எறும்பும்தான். ராணி மிச்சசொச்சத்தைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. நடு வெயிலில், நல்ல நேரம் கெட்ட நேரம் ஒன்றும் பார்க்காமல்.

பின்னேரம் றிகாஸ் ஃபோன் எடுத்தான். பெட்டி சும்மாதானே கிடக்கிறது, தன் புறாக்களுக்குத் தரமுடியுமா என்று கேட்டான். ஃபோனை எடுத்தது உஷாந்தி. குசினியிலிருந்தபடியே தலையை நீட்டி, குடுத்துவிடட்டோ, இடமும் மிச்சம் என்றாள்.

"ஏலாது" என்றார் தனஞ்சயன்.

உஷாந்தி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அதுக்கேன் இப்பிடிக் கத்துறீங்கள்?" என்றாள்.

அவர் கத்தவேயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.