ஒடியாத வெண்டைக்காய்

என் அக்கா தோட்டம் போட்டது காய்கறி தின்னும் ஆசையில் அல்ல. என் மனைவி மேல் இருந்த கோபத்தில்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களை மறுபடி கேட்காதபடி ஒரு பார்வை பார்ப்பாள். ஓய்வு பெற்ற கையோடு ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு ஸ்டீல் குவளை சகிதம் என் வீட்டுக்கு வந்து நடு அறையைப் பிடித்துக்கொண்டாள். என் நிம்மதி அன்றைக்கே போய்விட்டது. விடிவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டு எங்களை எழுப்பிவிடுவாள். நான் மிக்சி ரிப்பேர் பார்க்கும் முன்னறையில் டெட்டால் தெளித்துத் துடைப்பாள். எனக்கு மட்டும் தெரிந்த ஒழுங்கில் கிடக்கும் ஸ்க்ரூக்களை அளவுவாரியாக அடுக்கிவைப்பாள். சாப்பாட்டில் உட்கார்ந்தால் முதல் வாய்க்கே, "உப்பு அதிகம். நாளைக்கு பிரஷர் வந்து விழுந்தா நான்தானே பாக்கணும்?" என்பாள்.

என் மனைவி கரண்டியை ணங்கென்று வைப்பாள். அந்தச் சத்தத்தின் அளவை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் என் மனைவி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டின் பின்பக்கம் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் காட்டி, "இங்க ஒரு ரூம் போடணும். அண்ணி தனியா நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். நிம்மதி யாருக்கு என்பது கொத்தனாருக்கே புரிந்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே, கையில் இருக்கும் வீட்டுக்குத் தளம் போட்டு முடித்ததும் வருகிறேன் என்று நழுவினார்.

"என்னை வெளிய தள்ளப் பாக்குறியா?" என்றாள் அக்கா.

"வெளிய இல்ல அண்ணி. பின்னாடிதான்."

மறுநாள் காலையில் அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அந்த நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள். "இங்க தோட்டம் வருது. செடி மேல எவன் சுவர் எழுப்புறான்னு பாக்குறேன்."

என் மனைவி சிரித்தாள். "ஆயுசு முழுக்க கேன்டீன் சாப்பாடு. ஒரு காயை நறுக்கியிருப்பீங்களா? சரி, கொத்தனார் வர்றதுக்குள்ள உங்க தோட்டத்துல இருந்து ஒரே ஒரு காய் என் அடுப்படிக்கு வரட்டும். அப்புறம் ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன். வரலைன்னா பெட்டியைக் கட்டிக்குங்க."

"சரி" என்றாள் அக்கா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கத்தரி நாற்றும் தக்காளி நாற்றும் வாங்கி நட்டாள். வெண்டை விதை ஊன்றினாள். அப்புறம் ஆரம்பித்தது ரவுண்ட்ஸ். காலை, மதியம், மாலை என்று கடிகாரத்தைப் பார்த்து, செடிக்கு ஒரு குவளை தண்ணீர். மழை கொட்டினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஊற்றுவாள். நோயாளிக்கு மருந்து தவறக் கூடாதாம். மதில் ஓரம் செங்கல் உடைசலுக்கு நடுவில் முளைத்திருந்த ஒரு வெண்டைச் செடி மட்டும் குச்சியாக நின்றது. "இந்தக் கேஸ் தேறாது" என்று அதை ரவுண்ட்ஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

மற்ற செடிகள் கொஞ்ச நாள் செழிப்பாகத்தான் இருந்தன. அப்புறம் இலை பழுத்துத் தொங்க ஆரம்பித்தது. என் மனைவி கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று, "தண்ணியை நிறுத்துங்க அண்ணி. வேர் அழுகுது" என்றாள்.

"வாடிக் கிடக்குறதுக்குத் தண்ணி குடுக்காதேங்கிற. கொல்றதுக்கு வழி சொல்றியா?" என்ற அக்கா, அன்றிலிருந்து ராத்திரிக்கும் ஒரு குவளை சேர்த்தாள்.

ஒரு வாரத்தில் தோட்டம் படுத்துவிட்டது. அக்கா ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கினாள். வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கதவருகில் நின்ற என் மனைவியிடம் அதைத் தூக்கிக் காட்டி, "நீ சொன்னதாலதான் நான் நம்பல" என்றாள்.

"தெரியும். நம்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனுஷியைப் பார்த்து எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அக்கா அழவில்லை. செத்ததையெல்லாம் பிடுங்கி மதில் ஓரம் கொட்டப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவள் கைவிட்ட அந்தக் குச்சிச் செடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெண்டைப் பிஞ்சு. அவசரமாக அதன்மேல் ஓர் ஓட்டைக் கூடையைக் கவிழ்த்தாள். என் காதருகில் வந்து, "உன் பொண்டாட்டிகிட்ட வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்" என்றாள்.

"பறிச்சிடேன்க்கா. எதுக்கு வம்பு?"

"போடா. எடை ஏறாத குழந்தையை எவளாவது டிஸ்சார்ஜ் பண்ணுவாளா?"

எடை ஏறட்டும் என்று காத்திருந்தாள். ஏறியது. கொத்தனார் நூலும் கடப்பாரையுமாக வந்து நின்ற காலையில், அக்கா கூடையைத் தூக்கி, ஒரு சாண் நீளக் காயைப் பறித்துக்கொண்டு போய் அடுப்பு மேடையில் போட்டாள். வாழ்க்கையிலேயே அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி காயை எடுத்தாள். நுனியைப் பிடித்து ஒடித்தாள். ஒடியவில்லை. வளைத்தாள், நார் மாதிரி வளைந்தது.

"என்ன பண்ற அதை?" என்றாள் அக்கா. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

கொல்லைக் கதவருகில் நின்ற கொத்தனார் சிரித்துவிட்டார். "முத்தல்மா. மாடுகூடத் தின்னாது."

"காய்னா மனுஷன் திங்கணும் அண்ணி. பெட்டியைக் கட்டுங்க."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. அக்கா ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"வேகவைம்மா."

உப்புத் தண்ணீரில் வேகவைத்து முழுசாகத் தட்டில் போட்டாள் என் மனைவி. அக்கா கடித்தாள். நார் பல்லில் சிக்கியது. கையால் இழுத்து, மறுபடி வாயில் திணித்து, மென்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பவில்லை. காம்புவரை தின்றாள். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டு காலியானதும் அக்கா கொல்லைப் பக்கம் திரும்பி, "நூலைச் சுத்துங்க தம்பி. இங்க வேலை இல்ல" என்றாள்.

கொத்தனார் என் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை. அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனதும், தட்டை எடுக்கக் குனிந்தவள் கேட்டாள்: "எப்படி இருந்துச்சு?"

அக்கா பல்லிடுக்கில் இருந்த நாரை நகத்தால் எடுத்தாள்.

"உப்பு அதிகம்" என்றாள்.