தாலி கட்டும்போது ஓரத்தில் நின்றவர்

என் வீட்டுக்காரர் அகலமாகப் படம் பிடிக்கும் கேமராவை வாங்கி வந்த அன்று, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் பையிலிருந்து முழுசாக வெளியே எடுத்தார். எனக்கு அப்போதே அதன் மேல் ஒரு சந்தேகம். அவருக்கென்ன, எடுப்பதோடு சரி. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடி போட்டுக் கொடுப்பது நான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த எங்கள் வீடியோ கடையில், எது புதிதாக வந்தாலும் அதோடு மல்லுக்கட்டுவது உள்ளே உட்கார்ந்திருக்கிறவள்தான்.

"இனிமே மேடை மொத்தமும் ஒரே பிரேம்ல அடங்கிரும். ஒரு ஆள் விடுபட மாட்டாக," என்றார்.

"பாப்போம், பாப்போம்," என்றேன்.

அன்றைக்கு ஊரில் பாதி வீடுகளுக்கு மேல் பெட்டி டிவிதான். அகலமான படத்தை அதில் போடுவது, கூடத்துப் பாயைக் கொண்டுபோய் ஒடுக்கமான அறையில் விரிக்கிற மாதிரி. ஏதாவது ஒரு பக்கம் மடங்கியே தீரும். 'இது அகலப் படம்' என்று டிவிடியில் குறித்து அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் படத்தை என்ன செய்வது என்பது அவரவர் வீட்டு ப்ளேயரின் இஷ்டம். அந்த இஷ்டத்தால் ஒரு குடும்பமே இரண்டுபடும் என்று யார் கண்டது?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணம் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தோம். கொடுத்து வெகுநாள் கழித்து, பெண்ணின் அம்மா டிவிடியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வந்த வேகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"என் தம்பிய ஏம்மா வெட்டுன?"

தம்பி என்றால் பெண்ணுக்குத் தாய்மாமன். சுந்தரபாண்டியத்தில் விவசாயம். சொந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து டிவிடி பார்த்திருக்கிறார்கள். மாலை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் தாய்மாமனின் கை மட்டும் வருகிறது. தாலி கட்டும் இடத்தில் ஆளே இல்லை. அவர் கடைசி வரை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். "என்னைய வெட்டச் சொன்னது அத்தானா, மாப்பிள்ளை வீடா? எதுவா இருந்தாலும் சரி, இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போனவர், போனவர்தான்.

"முகூர்த்தத்தன்னைக்கே அவன் உர்ருன்னுதான் நின்னான். எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. இப்ப இதுவும் சேந்துக்கிட்டு. மகளுக்கு வளைகாப்பு வருது. தாய்மாமன் இல்லாம எப்படி வைக்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரையும் வெட்டுகிற வழக்கம் என்னிடம் கிடையாது. சாப்பிடும்போது வாயைத் திறந்தவர்களைக்கூட நான் வெட்டியதில்லை. டிவிடியை வாங்கிக் கடை ப்ளேயரில் போட்டேன். தாலி கட்டும் இடம் வந்தது. வலது கோடியில், தூணை ஒட்டி ஒருவர் நின்றார்.

"இந்தா நிக்கான்! பொறவு ஏன் வீட்ல காணும்?" என்று அந்த அக்கா திரையைத் தொட்டார்.

கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அக்காவோடு அப்போதே பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டில் ரிமோட்டை வாங்கி ப்ளேயரின் செட்டிங்கைத் திறந்தேன். திருடன் அங்கேதான் இருந்தான். திரை நிறைய வேண்டும் என்பதற்காக அது படத்தின் இரண்டு ஓரத்தையும் நறுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த செட்டிங்குக்கு மாற்றினேன். தாய்மாமன் வந்துவிட்டார். கூடவே படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் வந்தது. அதுவரை சும்மா இருந்த பெண்ணின் அப்பா கட்டிலைவிட்டு இறங்கினார்.

"கல்யாண வீடியோவுல கறுப்புக்கரையா? நல்ல காரியத்துக்கு சேலைக் கரைகூடக் கறுப்புல எடுக்காம பாத்துப் பாத்துச் செஞ்சோம். அத மொதல்ல மாத்தும்மா."

மிச்சம் இருந்த செட்டிங்கையும் போட்டுக் காட்டினேன். பட்டை போனது. ஆனால் மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் நசுங்கி, முருங்கைக்காயாக நீண்டுபோனார்கள். கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏற்கெனவே மாப்பிள்ளை ஒல்லி," என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜபாளையம் திரும்பியதும் வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தேன். அவர், "தாய்மாமனுக்குத் தனியா ஒரு போட்டோ போட்டுக் குடுத்திருவோம்," என்றார். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் அம்புட்டுக் கல்யாணத்தையும் எடுத்தார்.

பட்டை இருக்கத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது ஏன் கறுப்பாக இருக்க வேண்டும்? மறுநாள் குளிக்கும்போது மஞ்சள் உரசிக்கொண்டிருந்த கையைப் பார்த்துத்தான் எனக்கு அது தோன்றியது. படத்தை நானே அளவாகச் சுருக்கி, பெட்டி டிவிக்கான சட்டத்துக்குள் உட்கார வைத்து, மேலும் கீழும் மஞ்சள் பூசி, உள்விளிம்பில் குங்குமக் கலரில் ஒரு கோடு இழுத்துவிட்டால்? அப்புறம் இது சாதாரணப் படம்தான். ப்ளேயர் எந்தச் செட்டிங்கில் இருந்தாலும் வெட்டுவதற்கு அதற்கு ஒன்றும் இருக்காது.

சொல்வது சுலபம். முதலில் போட்டதில் ஆரத்தித் தட்டு முட்டை மாதிரி வந்தது. கம்ப்யூட்டர் திரையை நம்பக்கூடாது என்று கடை டிவியில் போட்டு, தட்டின் மேல் ஸ்கேலை வைத்து குறுக்கும் நெடுக்கும் அளந்தேன். தட்டு வட்டமானால் ஆட்களும் சரியாகிவிடுவார்கள். அதுதான் என் கணக்கு. அளவை மாற்றி, கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் புதிதாக உருவாக்கட்டும் என்று மறுபடி ரெண்டர் போட்டேன். பாதியில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். தட்டு ஒருவழியாக வட்டமாக வந்தபோது, நானே அந்தப் பெண்ணுக்கு ஆரத்தி எடுத்த மாதிரி இருந்தது.

தாய்மாமன் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானே போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்கள வெட்டுனேன்னு பழி என் தலையில கெடக்கு. நீங்க வந்து பாத்தாத்தான் அது எறங்கும்."

"சரிம்மா. ஒனக்காக வாரேன்," என்றார்.

வந்தார். ஆனால் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றது சொன்னதுதானாம். வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அத்தானான பெண்ணின் அப்பாவும் நானும் அந்தக் கனத்த டிவியை மூச்சுப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி வைத்தோம். படம் ஓடியது. மஞ்சள்கரையைப் பார்த்ததும், "இது மங்களமா இருக்கு," என்றார் அத்தான். மாலை கொடுத்த கைக்கு இப்போது ஆள் இருந்தது. தாய்மாமன் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கெட்டிமேளம் கொட்டியது. மேடையில் எல்லாரும் அட்சதை போட்டார்கள். எடிட் செய்தபோதும், பிறகு கடையில் போட்டுக் காட்டியபோதும், ஆள் இருக்கிறாரா என்றுதான் நான் பார்த்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. அன்றுதான் பார்த்தேன். வலது கோடியில் அவர் ஒருவர் மட்டும் அட்சதை போடாமல் நின்றார். அரிசியை மூடிய கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முகத்தைத் தூண் பக்கம் திருப்பி, மறுகையால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. தாலி கட்டி முடித்து எல்லோரும் சிரிக்கிற வரைக்கும் குலுங்கியது.

அக்கா திரையைவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ உர்ருன்னு நிக்கேன்னுல்ல நெனச்சேன்," என்றார் அக்கா.

தாய்மாமன் எழுந்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து, டிவிக்கு முன்னால் நின்று விரலை நீட்டினார்.

"ஏம்மா, இந்தா, இந்த எடம். இத மட்டும் வெட்டிர முடியுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அக்கா முந்திக்கொண்டார்.

"வெட்டிப் பாரு. பொறவு நான் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அப்போதுதான் அவர் குனிந்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். வீட்டுக்கு நடுவில் நின்றார். பெண் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிக் குடித்தார். வளைகாப்புக்குத் தாய்மாமன் சீர் எல்லாருக்கும் முன்னால் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு மஞ்சள்கரைதான் எங்கள் கடையின் அடையாளம். சேத்தூரிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். அப்புறம் அகல டிவிகள் வந்தன. டிவிடி போனது. என் வீட்டுக்காரர் இப்போது ட்ரோன் பறக்கவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எந்த டிவியில் போட்டாலும் தட்டு தானாகவே வட்டமாக வருகிறது. ஸ்கேல் மேஜை டிராயரில் சும்மா கிடக்கிறது. வேலை குறைந்தது நல்லதுதான். ஆனாலும் அந்த மல்லுக்கட்டை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். தன் மகள் உயரத்தில் தன்னைத் தாண்டிவிட்டாள் என்றாள். வீட்டில் ப்ளேயர் இல்லையாம், டிவிடியைப் போனில் ஏற்றித் தர வேண்டுமாம். தாய்மாமன் தவறிப்போன சேதி எனக்கு முன்பே வந்திருந்தது. துக்கத்துக்கும் போய் வந்திருந்தேன்.

"ஒரிஜினல் டேப் இருக்கு. மஞ்சக்கரை இல்லாம அகலமாவே போட்டுத் தாரேன்," என்றேன்.

"வேண்டாம் சித்தி. அது இருக்கட்டும்."

ஏற்றிக் கொடுத்தேன். கடை வாசலிலேயே நின்று, போனை நெடுக்குவாக்கில் பிடித்துக்கொண்டு ஓடவிட்டாள். படம் நடுவில் ஒரு சின்னத் துண்டாகத் தெரிந்தது. திருப்பிப் பிடிக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாலி கட்டும் இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலை வைத்து விரித்தாள். மஞ்சள்கரை போனது. மாப்பிள்ளை போனான். கழுத்தில் தாலியோடு அவளும் போனாள். மூடிய கையோடு அவர் மட்டும் திரை நிறைய நின்றார்.