தைத்து வைத்த பக்கங்கள்

பால் பாக்கெட்டை விளக்குக்கு நேரே தூக்கி, சாய்த்து, மூலையை நசுக்கிப் பார்த்த பிறகுதான் காஜா அக்கா பையில் போடுவாள். தினமும் பார்க்கிற கூத்துதான் என்றாலும் கடைக்காரர் தினமும் ஒரு பெருமூச்சு விடுவார். பல்பு வாங்கினால் எரியவிட்டுக் காட்ட வேண்டும். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை மறுபடி ஒரு இழுப்பு.

தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததே. நூலைக்கூட அவள் நம்ப மாட்டாள். புதுக் கண்டு வந்தால் ஒரு முழம் உருவி, வெடுக்கென்று இழுத்து அறுத்துப் பார்த்த பிறகே ஊசியில் கோப்பாள்.

இப்போது அவள் சந்தேகம் முழுக்க ஒரு புத்தகத்தின் மேல். மாதம் நிறைந்துகொண்டிருந்த மருமகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த நாவல் அது. அமெரிக்கா இன்னும் புதிதாக இருந்த காலத்துக் கதை. ஒரு மருத்துவச்சி பனியில் குதிரையேறி வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி படிக்கிற கதையா இது?

மருமகளுக்கு முதல் பிள்ளை பிறந்து அழவேயில்லை. தாயிடம் காட்டாமலே எடுத்துப் போனார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. காஜா அக்கா தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகள் மூட்டையாகப் பரணுக்குப் போயின.

புத்தகத்தைப் பிடுங்கினால் காரணம் சொல்ல வேண்டிவரும். அதனால், தானும் படிக்கப்போவதாகச் சொல்லி, காலையில் கடைக்கு எடுத்துப்போய் மாலையில் திருப்பிக் கொடுத்தாள். மருமகள் அன்று படிக்கப்போகும் பக்கங்களை, உதடு அசைய அசைய, இவள் முன்கூட்டியே சோதித்துவிடுவாள்.

“என்னக்கா, உங்க மருத்துவச்சி இன்னைக்கு எங்க கிளம்பிட்டா?” என்று வெட்டுகிற துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சீண்டுவார் மாஸ்டர்.

“கூப்பிட்ட உடனே ஓடுறா. கூலியும் கேக்கல. இவ்வளவு நல்லவளா ஒருத்தி இருந்தா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்.”

“எழுதினவங்க அப்படி எழுதியிருக்காங்க.”

“அவங்க மட்டும் ரொம்ப யோக்கியமா?”

ஒருநாள் மதியம் அவள் பயந்தது வந்தே விட்டது. பண்ணைக்காரன் மனைவிக்குப் பிறந்த பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி அதைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, தாயின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். “கையில எதுக்குடி குடுக்குற, பாவி?” என்று புத்தகத்தைப் பார்த்தே கேட்டாள் காஜா அக்கா. பிறகு ஊசியை எடுத்தாள். அந்த அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் வெள்ளை நூலால் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு மூடினாள். நூலகத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார் மாஸ்டர். திருப்பித் தரும்போது பிரித்துவிடுவாளாம்.

அன்று மாலை மருமகள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அத்தை, நடுவுல தைச்சிருக்கு.”

“பூச்சி அரிச்சிருக்கும். லைப்ரரியில தைச்சு வெச்சிருப்பாங்க.”

“அழகா தைச்சிருக்காங்க.”

காஜா அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

மருமகள் நாவலை முடித்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். பிறகு ஒரு காலை, கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“பரண்ல இருக்கிற மூட்டையை இறக்குங்க அத்தை. அவனோட சட்டையை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கலையே. இவனுக்கும் ஆகும்.”

பரணில் பல்லி இருக்கும், பிறகு பார்க்கலாம் என்று நழுவிவிட்டாள் காஜா அக்கா. ஆனால் மனம் குடைந்தது. இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன்? யார் கிளப்பிவிட்டது? மகன் மேல் ஒரு சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரி மேல் அதைவிடப் பெரிய சந்தேகம்.

புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாளில், தையலைப் பிரிக்கக் கத்தரியோடு உட்கார்ந்தாள். நுனியை நூலடியில் கொடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். அதே துளைகள்தான். வீட்டில் அவள் தையல் பெட்டியிலிருந்த அதே வெள்ளை நூல்தான். ஆனால் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கடைசியில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு. காஜா அக்கா தன் வாழ்நாளில் முடிச்சை வெளியே காட்டியதில்லை.

கோணல் தையல் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினாள். கத்தரியைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் பரணுக்கு அடியில் போட்டு, நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஏறினாள்.