அய்யாவுவின் பெருவிரல்

குருண் தொடங்கி ஜித்ரா வரைக்கும் அம்மாசியைப் போல ஒரு துப்பாக்கி வைத்தியர் பிறந்ததில்லை. அவர் முறைத்தால் தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறி உட்காரும். அவர் இருமினால் காட்டுப்பன்றிகள் பெண்டாங் வயல்வரை ஓடிப்போய்த்தான் மூச்சு வாங்கும். பயம் என்றால் என்னவென்று அவருக்குப் பிறர்தான் சொல்லித்தர வேண்டும்.

அப்படிப்பட்டவர் அன்று மத்தியானம் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டுப்போன துப்பாக்கி அது. மரவள்ளியைத் தோண்டும் பன்றிகளைச் சுட, ஜப்பான்காரன் அதை முதலில் அதே தோட்டத்து அய்யாவுவிடம் கொடுத்திருந்தான். அய்யாவுவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போன பிறகு அம்மாசியின் கைக்கு வந்தது. இன்று காலை பன்றி எதிரே நிற்க, போல்ட்டைத் தள்ளினால் தோட்டா பாதி வழியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஜப்பான்காரன் சிரித்தான்.

"பெத்தாங் தெம்பாக். தா போலே, பெசோக் சியாம்."

அதாவது, சாயங்காலம் சுட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நாளைக்கே சயாம். சயாமுக்குப் போன எவரும் இதுவரை திரும்பவில்லை.

மனைவி செல்லாயி வாசற்படியைத் தாண்டி வரவில்லை. "உள்ளாற அய்யாவு அண்ணன் கை இருக்குங்க. அதான் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது."

"சும்மா இரு லா. அவரு என்ன செத்தா போயிட்டாரு?"

"இருந்தா ஒரு சேதி வந்திருக்காதா?"

ரப்பர் மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. அம்மாசி மறுபடி தள்ளினார். உள்ளே யாரோ விரல் வைத்துத் தடுப்பதுபோல மெத்தென்று நின்றது. இரும்பு இரும்பில் இடித்தால் அப்படி இருக்காது.

தோட்டாக்களை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றின் இடுப்பிலும் காய்ந்த சந்தனம். ஆயுத பூசைக்கு அவரே வைத்ததுதான். பால்வெட்டும் உளிக்கு வைத்துவிட்டுத் துப்பாக்கிக்கு வாயில் மட்டும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமே என்று, தோட்டாவுக்கும் வைத்து, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியைத் திறந்து அதன் வயிற்றுக்குள்ளும் வழித்திருந்தார். எல்லாத் தோட்டாவையும் துடைத்துப் போட்டார். அப்போதும் நின்றது.

தோட்டாப் பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தார். தோட்டாவை மேலே தள்ளும் தகடு ஒருபக்கம் சாய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஈரத்துணியால் தன் சந்தனத்தைக் கரைத்தார். அடியில் இன்னொரு படலம் இருந்தது. கறுத்துப்போன குங்குமம், அதன் நடுவே ஒரு பெருவிரல் பதிவு. குறுக்கே உளி கிழித்த தழும்பு.

போன வருசப் பூசைக்கு அய்யாவு வைத்தது.

"அண்ணே," என்றார் அம்மாசி, பெட்டிக்குள் குனிந்து. "விடுங்கண்ணே. எனக்கும் அங்க எடம் போட்டு வச்சிருக்கீங்களா?"

உள்ளே சுருள்கம்பி லேசாக முனகியது. செல்லாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு நம் சூரர் கொஞ்சமும் தயங்காமல் அத்தனையையும் துடைத்தெறிந்தார். சாயங்காலம் தோட்டா வழுக்கிக்கொண்டு ஏறியது. வெடிச்சத்தம் ஜெராய் மலையில் மோதித் திரும்பியது. ஜப்பான்காரன் தலையாட்டிவிட்டுப் போனான்.

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டியதும் அம்மாசி கையை நீட்டித் தாளை மறைத்தார்.

"அத்தனையுமா? ஓரத்த மட்டுந்தான்டா சொரண்டுனேன். பெட்டிக்குள்ள அண்ணன் வெரல் பதிவு அப்படியே இருக்கு, வேணும்னா வந்து பாரு. பயமே இல்லையாம், பயம்! அது கெடக்கட்டும்... ஒங்கப்பன் அய்யாவு பேரு வர்ற எடத்துல எல்லாம் நீ ஏன்டா மெதுவா படிச்ச?"