சோபாவின் முதுகில் ஒரு சிவப்புக் கறை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்கலாம். நான்கு பேர் எதிரே நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் ஒருவனுக்கு வேலை போனது. அதில் என் பங்கு என்ன என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தர்மபுரி பைபாஸ் ரோட்டில் உள்ள ஒரு பெரிய பர்னிச்சர் கடையில் பதினாறு வருடமாக லோடு ஏற்றி இறக்குகிறேன். கட்டில், பீரோ, சோபா எதுவானாலும் வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது என் வேலை. சேர்த்ததும் கால் பொருத்தி, கதவு மாட்டி, ஆட்டம் இல்லாமல் நிறுத்துவது பிட்டர் வேலை. ஆறு வருடம் என்னோடு ஒரே பிட்டர்தான் வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஒரு மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். வாயில் எப்போதும் பாக்கு இருக்கும். கடையில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார்கள். "இது இல்லைன்னா ஸ்க்ரூவே கண்ணுக்குத் தெரியறதில்லணா" என்பான்.

விலை உயர்ந்த பொருளை வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கும் விதமே வேறு. ஒருவர் புது டைனிங் டேபிள் மேல் கோலிக்குண்டை வைத்து உருளுகிறதா என்று பார்த்தார். உருண்டது. டேபிள் கோணல் என்று கத்தினார். பிட்டர் அதே குண்டை எடுத்து அவர் வீட்டுத் தரையில் வைத்தான். அது வாசல்வரை ஓடியது. இன்னொரு வீட்டில் பீரோவின் இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தார். மேலே ஒரு நூல் அளவு அதிகம் என்றார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆயுசில் ஒரு முறை வாங்குகிறார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு முன் தாங்கள் பார்த்துவிட வேண்டும் என்கிற பயமும் இருக்கும்.

பொருள் இறக்கிய மறுநாள் கடையிலிருந்து அவர்களுக்கு போன் போகும். பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்பார்கள். எட்டுக்குக் கீழே போனால் எங்கள் இருவரையும் மாடிக்குக் கூப்பிடுவார்கள். மாடி என்றால் மேனேஜர் ரூம்.

ஒரு புது சோபாவை இறக்கப் போன அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் முதல் லோடு கிளம்பும் முன் கடை வாசலில் சூடம் கொளுத்துவார்கள். ஆட்களில் மூத்தவன் என்று தட்டை என்னிடம் கொடுப்பார்கள். எல்லோருக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பேன். எனக்கு நானே கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்வேன். பிட்டர் வைத்துக்கொள்ளமாட்டான், தள்ளி நிற்பான். "எனக்கும் சேத்து வேண்டிக்கணா, இன்னிக்குப் போற வூட்டுல ஸ்க்ரூ எதுவும் தொலையக் கூடாதுன்னு" என்றான் அன்று.

வீடு கடத்தூர் போகிற ரோட்டில் இருந்தது. கிரகப்பிரவேசம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தரை, சுவர், திரைச்சீலை எல்லாம் வெள்ளை. சோபாவும் பால் நிறம். மூன்று பேர் உட்காருகிற பெரிய சோபா, மாடி ஹாலில் போட வேண்டும். வீட்டு அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கேட்டிலேயே எங்களை நிறுத்தினார்.

"கவரைப் பிரிங்க. வெயில்ல வெச்சுக் காட்டிட்டு அப்புறம் உள்ள கொண்டாங்க."

பிட்டர் மெல்லச் சொன்னான். "மேல கொண்டுபோய்ப் பிரிக்கறோம்ங்க. படியில இடிபடும்."

"உள்ள வந்ததுக்கு அப்புறம் குறை சொன்னா நாங்க பண்ணதுன்னு சொல்லிடுவீங்க. எங்களுக்குத் தெரியும்."

பிரித்தோம். போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார். தையலோரம் ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது, அதைப் படம் எடுத்தார். ஒரு காலில் பாலிஷ் கம்மி என்றார். பிட்டர் சட்டை நுனியால் துடைத்துக் காட்டினான். கடைசியில் என் தலையைப் பார்த்தார். எடை தாங்குவதற்காக நான் துண்டைச் சுருட்டித் தலையில் கட்டியிருந்தேன்.

"ஏம்பா, அந்த அழுக்குத் துண்டு சோபா மேல படாதா?"

அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

பிட்டர் மேலே, நான் கீழே. மேலே இருப்பவன் பின்பக்கமாக ஏறுவான். எடை முழுக்கக் கீழே இருப்பவன் மேல் இறங்கும். படி பாதியில் திரும்புகிற இடத்தில் சோபாவை நிமிர்த்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இரண்டு கையும் அடியில் மாட்டிக்கொள்ளும். தலையைக் கொடுத்துத்தான் தாங்க வேண்டும். கவரும் இல்லை, துண்டும் இல்லை. வெறும் நெற்றியை அதன் முதுகில் வைத்து அழுத்தினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. மேலே கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டோம். முதுகு சுவர்ப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மா உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஏதோ சத்தம் வருகிறது என்றார். எங்களுக்குக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். முதுகில் சிவப்புக் கறை. படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார். பாக்கு எச்சில், உங்கள் ஆள் துப்பியிருக்கிறான், பத்துக்குப் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். "நான் பேசறேன். நீங்க கையக் கட்டிட்டு நில்லுங்க, போதும்" என்றார் வழியில். பிட்டர் அன்று பாக்குப் போடவில்லை. ஆனால் பல வருடச் சிவப்பு ஒரே நாளில் போகுமா?

ஹாலில் அந்த அம்மாவும் அவருடைய கணவரும், பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். மேனேஜர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்ங்க. இவ்ளோ விலை குடுத்து வாங்கறோம். எச்சியத் துப்பிக் குடுக்கறதா?" அந்த அம்மா பிட்டரைப் பார்த்தார். "எங்க, வாயத் தொற."

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தரையைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான்.

"பாருங்க" என்றார் உறவுக்காரர்களிடம்.

"வேணும்னு பண்ணலம்மா" என்றான் அவன். "எனக்கே தெரியாமத் தெறிச்சிருக்கும். தப்புத்தாங்க."

அப்போதுதான் நான் கறையைக் கிட்டே பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கலைந்த சிவப்பு. அதன் நடுவில் ஓரிடத்தில் மஞ்சள் இருந்தது. பாக்கு எச்சிலில் மஞ்சள் எங்கிருந்து வரும்? அது சந்தனம். படித் திருப்பமும் என் கழுத்து வலித்ததும் கண்ணில் வியர்வை இறங்கியதும் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. நூல் நுனியைக்கூட விடாத அந்த அம்மாவின் கண்ணில் அந்த மஞ்சள் படவில்லை. சிவந்த வாய் கிடைத்த பிறகு அவர் மேற்கொண்டு தேடவில்லை.

"அது என் நெத்திக் குங்குமம்ங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. உதடுவரை வந்தது. ஆறு பேர் நின்றிருந்தார்கள். என்னையும் வாயைத் திற, நெற்றியைக் காட்டு என்பார்களோ என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று எத்தனை யோசித்தும் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே அவனை நிறுத்திவிட்டார்கள். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "உனக்குப் புதுசா வரவன் படியில தடுமாறாம இருக்கணும்ணா" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்த அம்மாவுக்குப் புது சோபா போனது. பழையதை நானேதான் அந்தப் படி வழியாக இறக்கினேன். நாலு மாதம் குடோனில் கிடந்தது. தள்ளுபடியில் தீர்த்தமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் அதை வாங்கினார். கறையைக் காட்டினார்கள். "முதுகு சுவத்துப் பக்கந்தான போவப்போவுது" என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பிட்டர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவன் இல்லை. பெங்களூரில் ஏதோ கட்டடத்தில் ஜன்னல் மாட்டும் வேலை, மாதம் ஒரு முறை வருகிறானாம். அவன் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள்.

"அந்தச் சனியன் பாக்குப் போடறத வுட்டுட்டாருங்க மாமா. வாயால கெட்டேன், வாயால கெட்டேன்னு சொல்லிச் சொல்லியே வுட்டுட்டாரு. வேலை போனதுல அது ஒண்ணுதான் நல்லது. பாப்பாதான் அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குது."

சட்டென்று போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். "சாப்பிட்டியா தம்பி?" என்றேன். சாப்பிட்டேன் என்றான். "அங்க மழையா?" என்றேன். ஆமாம் என்றான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், நானே அவனைக் கூப்பிட்டேன். சொன்னேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"படியில நான் வாயே தொறக்கலணா" என்றான். "மூச்சு வாங்குச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அத்தன பேர் சொல்றாங்க, கண்ணு முன்னாடி கறை இருக்குது, அப்ப நாமதான் பண்ணியிருப்போம்னு நெனச்சுட்டேன்." பிறகு கேட்டான். "அந்தம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்லப்பா."

"மேனேஜர்கிட்ட?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குணா சொல்ற? அவங்கதான என் வாயப் பாத்தாங்க."

போனை வைத்துவிட்டான். அதன்பின் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். ஒரு வாரம் மாடிப்படி வரை போய்ப் போய்த் திரும்பி, எட்டாவது நாள் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த சோபாவையே வித்தாச்சு. இப்ப எதுக்குய்யா அந்தக் கதை? போ, கீழ லோடு நிக்குது." அவனைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த அம்மா வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல்முறை கேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். இரண்டாம் முறை பெல்லை அழுத்தினேன். கேட்டில் கேமரா வைத்திருந்த டப்பாவிலிருந்து அவர் குரல் வந்தது. "யாரு? யாருங்க வேணும்?" என் முகம் அவருக்கு உள்ளே தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. "அட்ரஸ் மாறி வந்துட்டேன்ங்க" என்றேன்.

அதனால் இதை எழுதினேன். இரண்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். ஒன்று அந்தக் கேட்டில் இருக்கும் தபால் பெட்டிக்கு. யார் எழுதியது என்று தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகக் கடைசித் தாளில் என் பெயரும் போன் நம்பரும் தனியாக எழுதியிருக்கிறேன். இன்னொன்றை அவன் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவன் படிப்பானா என்று தெரியாது. அவனுடைய மகளாவது ஒருநாள் படிக்கட்டும், அவள் அப்பா எங்கும் துப்பவில்லை.

பங்குனி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.