கணவர்மேல் போட்ட பழி

எண்பதுகளில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குழந்தை பிறந்து இறந்தபின் சாராயம் பழகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் பக்கத்து அறையில் கூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே ஐந்தாறு ஆண்கள்.

"எங்க வீட்டுக்காரரு ரொம்பக் குடிக்கிறாருங்க. அதான் விசாரிக்க வந்தேன்" என்று பொய் சொன்னேன். அவர் வெற்றிலைகூடப் போடாதவர்.

என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனேன். அப்போது தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் செபமாலை பேசத் தொடங்கினார்.

"போத்தல வெறகுக்குள்ள ஒளிச்சு வைப்பேன். பொண்டாட்டி அடுப்பு மூட்ட எந்திரிச்சாலே நெஞ்சு அடிச்சுக்கும்."

நான் ஒளிப்பது மாவு டின்னில். மகள் ரொட்டி சுட மாவெடுக்கும்போதெல்லாம் எனக்கும் அதே படபடப்புதான்.

"எங்க வீட்டுக்காரரு குடிக்கிறதில்லீங்க. நாந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னைக்குக் குடிச்சீங்களா?" என்று செபமாலை கேட்டார்.

"இன்னும் இல்ல."

"நானும் இல்ல. உக்காருங்க."

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்குத் தெரியும். எப்புடிக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார் அவர்.

அதன்பிறகும் இருமுறை தவறிக் குடித்தேன். இருமுறையும் அந்த அறைக்கே போய்ச் சொன்னேன். என்மேல் உயிரையே வைத்திருந்தவருக்குக் கேட்கத் தெரியாததை, அதே நோயில் கிடந்தவர் எவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டார்!